முழு சார்ஜில் முந்நூற்றெண்பது கிலோமீட்டர்

சிதம்பரம்
3.9.2025

மச்சான் இளவரசுக்கு,

பொருள்: கார் வராதது.
பார்வை: நேற்றுப் போனில் நான் கத்தியதும் நீ கத்தியதும்.

முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீசில் ஃபைல் எழுதிய கை இது. வேறு மாதிரி ஆரம்பிக்க வரவில்லை. நேற்று நாம் பேசியது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கிறது. உன் அக்கா அமிர்தம் கட்டிலில் படுத்தபடி காதைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் இனிமே போன்ல பேசாதீங்க. என்னால கேக்க முடியல." எனவே இனி போன் கிடையாது. உன் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டேன். அவள் போனும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை என்று யாரும் புரட்ட முடியாது.

வைகாசி மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நீ மூன்று வாக்குக் கொடுத்தாய். விலை ஏறாது. ஆனி முடிவதற்குள் வண்டி கைக்கு வரும். ஐந்து ஸ்டார் பாதுகாப்பு. நான் மூன்று கம்பெனிகளின் விளம்பரத் தாள்களையும் பரப்பி, நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீலப் பலகைக்காரன் என்ன சொல்கிறான், சிவப்புப் பலகைக்காரன் என்ன சொல்கிறான், நீ வேலை பார்க்கும் பச்சைப் பலகைக்காரன் என்ன சொல்கிறான் என்று நான்கு பக்கம் எழுதினேன். அந்த ஒப்பீட்டில் உன் கம்பெனி ஜெயிக்கவில்லை. நீ ஜெயித்தாய். "தம்பி சொல்லுது, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று அமிர்தம் நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

எதற்காக மின்சாரக் கார் என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை அவளுக்கு ஊசி ஏறுகிறது. ஊசி போட்ட பிறகு பெட்ரோல் வாடை பட்டால் குடலைப் புரட்டுகிறது. ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருப்பதால் கூட்டத்தில் கொண்டுவராதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆக, பஸ் கூடாது. பெட்ரோல் காரும் ஆகாது. "ஆனிக்குள்ள பழைய வண்டியக் குடுத்தாதான் எக்ஸ்சேஞ்ச் போனஸ், மாமா" என்று நீ சொன்னதை நம்பிப் பதினான்கு வருடம் ஓட்டிய காரைக் கொண்டுவந்து உங்கள் ஷோரூம் வாசலில் நிறுத்தினேன். சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

இன்று ஆவணி பாதி போய்விட்டது. போன வாரம் ஐந்தாவது ஊசி. வாடகைக் காரில் போனோம். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் வாடை. ஆலப்பாக்கம் வருவதற்குள் மூன்று தடவை வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். டிரைவர் முகத்தைச் சுளித்தான். அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எனக்குத் தேவை ஒரு தேதி. "கூடிய சீக்கிரம்" என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
தங்கராசு

*

கடலூர்
8.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஷோரூமில் வைத்துப் படிக்க முடியவில்லை. மதியம் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், படகு நிழலில் உட்கார்ந்து படித்தேன். நான் கடிதம் எழுதிப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். தப்பு இருந்தால் அக்காவைத் திருத்தச் சொல்லுங்கள். எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அம்மா போன பிறகு எல்லாமே அவள்தானே.

தேதி கேட்டிருக்கிறீர்கள். எங்கள் மேனேஜர் கார்த்திகேசன் சாரிடம் கேட்டேன். அவர் சென்னைக்கு மெயில் போட்டார். சென்னைக்காரர் புனேவைக் கேட்டார். மோட்டாருக்குப் போடுகிற மேக்னெட் சீனாவிலிருந்து வரவில்லை என்று பதில் வந்திருக்கிறது. மாமா, நான் ஒரு கடலூர்க்காரன். சீனாவில் மேக்னெட் எப்போது கப்பல் ஏறும் என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நான் வண்டி விற்கிறவன், செய்கிறவன் இல்லை. கஸ்டமர் எதிரில் உட்காரும்போது மட்டும் நானே கம்பெனி மாதிரிப் பேசச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "ஒங்க வண்டி எங்க பொறுப்பு" என்று சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் டிரெயினிங்.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசினேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. உங்களிடம் சொன்னதை நானே நம்பித்தான் சொன்னேன்.

ஷோரூம் டெமோ வண்டியை ஊசி நாளுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க இளவரசு" என்று சார் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் நான் ஷிப்ட் வேலை பார்த்தபோது சட்டையெல்லாம் மருந்து வாடை அடிக்கிறது என்று அக்காதான் அழுதாள். "பொகையில்லாத வேலையாப் பாருடா" என்றாள். இப்போது புகையில்லாத வண்டி விற்கிறேன். அவளுக்கு ஒரு வண்டி கொண்டுவந்து நிறுத்த முடியவில்லை.

ஆயுத பூஜைக்குள் வரும் என்று சார் சொல்கிறார். தேதி கேட்டதற்கு என்னிடம் இருப்பது அதுதான். ஒரே ஒரு தடவை அக்கா குரலைக் கேட்க விடுங்கள், மாமா.

உங்கள்
இளவரசு

*

சிதம்பரம்
25.9.2025

மச்சான்,

ஆயுத பூஜை என்பது தேதியா? சரி, காலண்டரில் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆறாவது ஊசி போட்டாயிற்று. ஊசி ஏற ஐந்து மணி நேரம். என்னை உள்ளே விடுவதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் புத்தி எங்கெங்கோ போகிறது. அதனால் வைகாசியில் செய்த வேலையையே திரும்பச் செய்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டு ஷோரூம்களுக்கும் நடந்தேன்.

நீலப் பலகைக்காரன் விலையைக் கேட்டால் மயக்கமாக இருக்கிறது, அவ்வளவு குறைவு. காபி கொடுத்தான். காபி குடித்து முடித்த பிறகுதான் பேட்டரி அந்த விலையில் சேராது என்றான். காரை விற்பானாம், பேட்டரியை வாடகைக்கு விடுவானாம், ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கணக்காம். மாட்டை விற்றுவிட்டு மடிக்கு வாடகை கேட்பது போல இருந்தது. டெலிவரி ஒரே வாரம், ஆனால் கறுப்பு நிறம், அதுவும் உச்ச மாடல் மட்டும். பாதுகாப்பு எத்தனை ஸ்டார் என்றேன். "டெஸ்ட் இன்னும் நடக்கல சார், ஆனா கண்டிப்பா அஞ்சு வரும்" என்றான். பரீட்சை எழுதாமலே மார்க்கு.

சிவப்புப் பலகையில் ஒரு பெண். நன்றாகப் பேசினாள். ஐந்து ஸ்டார் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். என் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மோதிச் சோதித்த வண்டி, ஏர்பேக் என்கிற காற்றுப்பை ஆறு உள்ளது. எனக்கு விற்கப் போவது இரண்டு காற்றுப்பை உள்ளது. தண்ணீரில் ஓடுமா என்று கேட்டேன். "தண்ணில எதுக்கு சார் ஓட்டுறீங்க?" என்றாள். கடலூர் மாவட்டத்தில் கார்த்திகை மாதம் தண்ணீர் இல்லாத ரோடு எது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, டெலிவரிக்கு ஆறு மாதம் என்றாள்.

உன் கம்பெனிக்கு வருகிறேன். உங்கள் தாளில் முழு சார்ஜில் முந்நூற்றெண்பது கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எட்டு வருடம் பேட்டரி வாரண்டி என்று அதற்குக் கீழே. அதை அமிர்தத்திடம் ராத்திரி படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். "பேட்டரிக்கு எட்டு வருசம் கேரண்டி தர்றாங்க. எனக்கு யாரு தர்றது?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் பெட்ரோல் கார்களுக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள். நாம் கொடுத்த பழைய வண்டி மாதிரி புதுசே இப்போது மலிவு என்று டீக்கடையில் எனக்கு விளக்குகிறார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். ரத்து செய்து பணத்தை வாங்கிவிடலாமென்றால் நாற்பத்தைந்து நாட்கள் ஆகும் என்று உங்கள் படிவத்தில் இருக்கிறது. நாற்பத்தைந்து நாளில் இரண்டு ஊசி. ரத்து செய்யவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. இது என்ன பொறி என்று எனக்குப் புரியவில்லை.

நீ குரல் கேட்க வேண்டும் என்று எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. வண்டி வரட்டும், பார்க்கலாம்.

தங்கராசு

*

கடலூர்
6.10.2025

மாமாவுக்கு,

ஆயுத பூஜை முடிந்தது. வண்டி வரவில்லை.

இதற்கு மேல் எழுதப் பேனா ஓடவில்லை. பூஜைக்கு முதல் நாள் ஷோரூம் வண்டிகளுக்கெல்லாம் மாலை போட்டோம். டெமோ வண்டிக்கு நான்தான் சந்தனம் வைத்தேன். சாயந்திரம் நான்கு டெலிவரி. ஒவ்வொரு குடும்பமும் போட்டோ எடுத்துக்கொண்டது. நான் எல்லாப் போட்டோவிலும் சாவி கொடுக்கிற கையாக இருக்கிறேன். அந்த நான்கு பேரும் உங்களுக்குப் பின்னால் புக் செய்தவர்கள். அவர்கள் கேட்டது வேறு மாடல், வேறு பேட்டரி. நம்முடைய மாடலில் தமிழ்நாட்டுக்கே பதினொரு வண்டிதான் வந்ததாம்.

இன்னொரு செய்தி. ஒன்றாம் தேதியிலிருந்து விலையை ஏற்றிவிட்டார்கள். பழைய புக்கிங்குக்கும் புது விலைதான் என்று சர்க்குலர் வந்திருக்கிறது. படிவத்தின் பின்பக்கம் பன்னிரண்டாவது வரியில் "டெலிவரி அன்றைய விலையே செல்லும்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரியும். உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. வித்தியாசத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் என் மனைவி பவானிக்கும் தெரியும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

உங்களிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். அது என் விஷயம் மட்டும் என்றால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

அக்கா சாப்பிடுகிறாளா? கருவாட்டுக் குழம்பு வாடை கூட ஆகவில்லை என்று மங்கலம் அக்கா பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார்கள். உங்கள் எதிர்வீட்டுக்காரர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என் அக்காவைப் பற்றி.

இளவரசு

*

சிதம்பரம்
24.10.2025

இளவரசு,

மச்சான் என்று எழுத வரவில்லை.

அணுக்கள் ஏறவில்லை என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்ட ஏழாவது ஊசிக்கு முந்தாநாள் போனோம். அன்று விடாத மழை. காலையில் கொண்டுவிட்ட வாடகைக் கார்க்காரன், திரும்புகிற நேரத்தில் ரோட்டில் தண்ணீர் என்று வர மறுத்துவிட்டான். நான்கு பேருக்குப் போன் செய்தேன். ஒருவரும் வரவில்லை. பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை. தலையில் துணி கட்டி, வாயில் முகமூடி போட்டிருந்தவளைப் பார்த்து ஒருத்தன் தள்ளி நின்றான். தொற்று என்று நினைத்திருப்பான் போல. கடலூர் வரைக்கும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பை நிறைய பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்தேன். சுற்றி இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாள் அவளை மங்கலத்திடம் விட்டுவிட்டு உங்கள் ஷோரூமுக்கு வந்தேன், புக்கிங்கை ரத்து செய்ய. நீ லீவு. பில்லிங்கில் ரேகா என்று ஒரு பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், ஒங்க நம்பருக்கு ஜூலை இருவத்திரெண்டாம் தேதியே வண்டி அலாட் ஆயிருக்கு. நீங்கதான் வேணாம்னுட்டீங்க போலருக்கு. விருத்தாசலத்துல ஒரு டாக்டருக்கு மாத்திக் குடுத்துருக்காங்க." மாற்றியதற்குக் கையெழுத்து உன்னுடையது. திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ஜூலை இருபத்திரண்டு. மூன்றாவது ஊசிக்கு மறுவாரம். அதற்குப் பிறகு நான்கு ஊசி. நான்கு தடவை போக, நான்கு தடவை வர.

சீனா என்று எழுதினாய். மேக்னெட் என்று எழுதினாய். நானும் கடிதத்தைப் பத்திரமாக ஃபைல் போட்டு வைத்தேன். உன்னைத் தூக்கி வளர்த்தவளை எத்தனை ரூபாய் கமிஷனுக்கு விற்றாய் என்று மட்டும் எழுது. ரத்து செய்யாமல் திரும்பிவிட்டேன். படிவம் கையெழுத்தில்லாமல் என் பையிலேயே இருக்கிறது.

தங்கராசு

*

கடலூர்
28.10.2025

மாமா,

ஜூலை இருபத்திரண்டு என்பது ஆடி ஆறு.

அன்று காலை வண்டி வந்தது உண்மை. நீல நிறம், அக்கா கேட்டது. ஷோரூமிலிருந்து உங்கள் நம்பருக்குப் போன் செய்தோம். நீங்கள் அப்போது எங்கேயோ மருந்துக் கடை வரிசையில் இருந்திருக்கிறீர்கள், போன் அக்கா கையில். அவள் எடுத்தாள். பிறகு தனியாக எனக்கு அடித்தாள்.

"ஆடி மாசத்துல எடுக்கக் கூடாதுடா. யாருக்காவது குடுத்துட்டு, ஆவணில வேற குடு" என்றாள். நான் எவ்வளவோ சொன்னேன். "அக்கா, இப்பல்லாம் யாரு பாக்குறா, டாக்டரே எடுக்குறாரு" என்றேன். அவள் சொன்னது அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எனக்கு அதுல நம்பிக்கை ஜாஸ்தி கெடையாதுடா. ஆனா ஆடில எடுத்து, எனக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னு வையி, அந்த மனுசன் அன்னைக்கே வேணாம்னு சொல்லாம போனேனேன்னு ஆயுசுக்கும் அத நெனச்சே சாவாரு. அவரப் பத்தி ஒனக்குத் தெரியாது. எதுக்காச்சும் ஒரு காரணம் தேடிக்கிட்டே இருப்பாரு. அந்தக் காரணத்த நாம ஏன் கையில குடுக்கணும்?" என்றாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆவணியில் அடுத்த லோடு வரும் என்று லிஸ்டில் இருந்தது. ஒரு மாதம்தானே என்று நினைத்தேன். லோடு வரவில்லை. மேக்னெட் விஷயம் பொய் இல்லை, மாமா.

ஆனால் எல்லாவற்றையும் அவள் தலையில் போட மாட்டேன். அந்த மாதம் என் டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறைந்தது. ஆடியில் யாரும் எடுப்பதில்லை, உங்களுக்கே தெரியும். விருத்தாசலம் டாக்டர் உடனே வேண்டும் என்றார். அக்கா வேண்டாம் என்றதும் எனக்கு வருத்தத்தோடு கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். நான் சொல்லிப் பார்த்தது நாலு வார்த்தைதான்.

எத்தனை ரூபாய் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத முடியவில்லை. ரொம்பக் குறைவு.

சத்தியத்தை மீறிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

இளவரசு

*

சிதம்பரம்
11.11.2025

இளவரசு,

உன் கடிதம் வந்த அன்று அமிர்தத்துக்குக் காய்ச்சல். இரண்டு நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். துணி மாற்றிக்கொள்ள வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். பஸ்ஸில் வந்த தொற்றா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படி ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்ல முடியாது என்றார். நான் காரணம் தேடுகிறவன் என்று அவள் சொன்னது சரிதான்.

நீ சொன்னதை நம்பவில்லை. அவளிடம் கேட்கவும் மனம் வரவில்லை. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று கம்பெனி ஒப்பீடு, நான்கு பக்கம். அதன் கடைசியில், புக்கிங் படிவத்தில் சேர்க்க வேண்டிய நிபந்தனைகள் என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது நிபந்தனை: "ஆடி மாதத்தில் டெலிவரி ஏற்க இயலாது." என் கையெழுத்து. வைகாசி மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவள் சொல்வதை எழுதிப் பழக்கம், யோசிக்கவில்லை. அதன் கீழே சுத்தமாக முழுப் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டு, உன்னிடம் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன்.

ஆக, அந்தத் தாள் உன் கையில் இருந்திருக்கிறது. நான் எழுதிய முதல் கடிதத்துக்கே அதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். எழுத்தில் கொடு, எழுத்தில் கொடு என்று உன்னைக் குடைந்தேன். எழுத்து என்னுடையதே இருந்திருக்கிறது. நீ காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று எனக்குத் தெரிகிறது. காட்டினால் அவள் பேச்சு வெளியே வரும்.

ஆனால் இதனால் என் மனது ஆறிவிட்டது என்று நினைக்காதே. உன்மேல் இருந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு வராதே. உன் முகத்தைப் பார்த்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

தங்கராசு

*

கடலூர்
26.11.2025

மாமா,

வண்டி வந்துவிட்டது.

வெள்ளை நிறம்தான் கிடைத்தது. கார்த்திகேசன் சார் மூன்று பேரிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் முடிந்தது. உங்களை வரச் சொல்ல முடியாது என்பதால் நானே சிதம்பரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் உங்கள் வீட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டேன். வாசல் பூட்டியிருந்தது. சாவி மங்கலம் அக்காவிடம். சார்ஜர் மாட்ட ஆளையும் கூட்டிப் போயிருந்தேன், ஷெட் சுவரில் மாட்டியாயிற்று. இரண்டு காற்றுப்பை இல்லை, ஆறு. ஸ்டார் கொடுத்த மாடலேதான். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

உள்ளே சீட்டுக்கெல்லாம் புது பிளாஸ்டிக் வாடை வரும். அக்காவுக்கு ஆகாது என்று இரண்டு நாள் யார்டில் கதவைத் திறந்து போட்டு வெயிலில் காய வைத்தேன். மழை வந்தபோது ஓடிப் போய் மூடினேன். சாம்பிராணி, எலுமிச்சை ஒன்றும் வைக்கவில்லை. வாடையே இல்லாத வண்டியாகத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். நின்றுகொண்டுதான் வந்தேன். சீட்டு காலியாக இருந்தது.

வராதே என்று எழுதியிருந்தீர்கள். வரவில்லை. ஆனால் புதுச்சேரி ஆஸ்பத்திரி வாசலுக்கு மூன்று தடவை வந்தேன், மாமா. டீக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இளவரசு

*

சிதம்பரம்
9.12.2025

மச்சான்,

இதைத் தபாலில் போடவில்லை. தினமும் கடலூருக்கு வேலைக்குப் போகிற மங்கலத்தின் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனை எடுத்து உன் நம்பரைத் திறந்தேன். இரண்டு தடவை அடித்து, மணி போவதற்குள் வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை நான் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். எட்டாவது ஊசி எப்போது என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அங்கே யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. "இனிமே ஊசி வேணாங்க. அவுங்களுக்குத் தாங்காது. வீட்டுக்கு அழைச்சுட்டுப் போங்க, வலிக்கு மாத்திரை தர்றேன்" என்றார். திரும்ப எப்போது கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். கொண்டுவர வேண்டியதில்லை என்றார். இன்னும் எத்தனை நாள் என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. என் ஆயுசில் முதல் தடவையாக ஒருவரிடம் தேதி கேட்காமல் எழுந்து வந்தேன்.

அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். வண்டி கிளம்பியது அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் வந்த பிறகு, "போறமா, நிக்கிறமா?" என்று கேட்டாள். போகிறோம் என்றேன். "வாடையே இல்லீங்க" என்றாள். சிதம்பரம் வரைக்கும் ஒரு தடவை கூட நிறுத்தவில்லை. நான் கையில் எடுத்து வைத்திருந்த கவர்கள் அப்படியே இருந்தன. ஏழு ஊசிக்குக் கிடைக்காத பயணம், ஊசி இல்லை என்று சொன்ன நாளில் கிடைத்தது. ஓட்டிக்கொண்டே அழுதேன். கண்ணாடியில் பார்த்துவிடுவாள் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினேன்.

இப்போது வீட்டில் எந்த வாடையும் அவளுக்கு ஆகவில்லை. தாளித்தால் ஆகவில்லை, ஃபினாயில் ஆகவில்லை, அவள் தலையணையே ஆகவில்லை. முந்தாநாள் சாயந்திரம், "என்னக் கொஞ்சம் வண்டில உக்கார வைங்களேன்" என்றாள். தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். ஏசியைப் போட்டேன். புகை இல்லை, சத்தம் இல்லை. ஷெட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் தூங்கினாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நேற்றும் அப்படித்தான். இறங்கும்போது ஸ்டீயரிங்குக்கு முன்னால் உள்ள திரையில் கிலோமீட்டர் எண் இரண்டோ மூன்றோ குறைந்திருக்கும். ராத்திரி சார்ஜ் போடுகிறேன். காலையில் மறுபடி முந்நூற்றெண்பது காட்டுகிறது. உங்கள் தாளில் போட்ட எண்ணேதான், அதில் பொய் இல்லை. முந்நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டி வாசலில் நிற்கிறது. அவளைக் கொண்டுபோக ஒரு இடமில்லை.

நேற்றுத் தூங்கி எழுந்தவள் முன் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சின்னதுதான் எடுத்துக் குடுத்துச்சு, அது ஒரு தடவ கூட என்ன வச்சு ஓட்டலையே" என்றாள். உன்னைச் சின்னது என்று அவள் கூப்பிட்டு எனக்குக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. ஆடி விஷயம் எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. எனக்கு ஒரு காரணம் கிடைக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள். அது நடந்ததாகவே அவளுக்கு இருக்கட்டும்.

அவளைத் தூக்கும்போது கனமே இல்லை, இளவரசு. எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் எழுதிக்கொண்டிருக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கிளம்பி வா. சாவி வண்டியிலேயே இருக்கிறது.

தங்கராசு